மாறுகண் அதிர்ஷ்டமா?

குழந்தையின் ஒரு கண் கொஞ்சம் மூக்குப் பக்கமாக ஒதுங்கினாற்போல் இருக்கிறதே என்று தாயார்தான் முதலில் கவனிப்பாள். மெதுவாக வீட்டில் சொல்லிப் பார்ப்பாள். கூடத்திலிருந்து உடனே தீர்ப்பு வந்துவிடும்:

"அசடே! மாறுகண் அதிர்ஷ்டமடி! இவன் பிறந்த அப்புறம்தானே உன் வீட்டுக்காரனுக்குச் சம்பளம் உயர்ந்தது?"

பாட்டி சொன்ன பிறகு அப்பீல் ஏது? குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு ஒன்று பெரிதாக வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வாசகர்களே, இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமானது என்று எண்ண வேண்டாம். அமெரிக்கக் கண்டத்தில் வாழ்ந்த மாயா மக்களுக்கு மாறுகண் என்றால் அழகு. அவர்கள் குழந்தையின் முன்தலை மயிரில் ஒரு சிறு உருண்டையைக் கட்டி, அது புருவங்களுக்கு நடுவே ஆடும்படி தொங்கவிடுவார்களாம். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே இருந்த லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. தானாக வந்தால் வரவேற்கிறோம், அவ்வளவுதான்.

அதிர்ஷ்டம் உண்டா இல்லையா என்று பாட்டியுடன் வாதாட நான் வரவில்லை. சம்பளம் உயர்ந்ததற்குக் குழந்தையின் கண் காரணமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? அதுதான் என் கேள்வி. ஏனென்றால், ஒதுங்கிய கண்ணை அப்படியே விட்டுவைத்தால் பல குழந்தைகளுக்கு அந்தக் கண்ணின் பார்வையே மங்கிப் போகிறது. சிறு வயதில் கவனித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அது கடினமாகிக்கொண்டே போகும்.

பார்ப்பது கண்ணா, மூளையா?

கண் படம் பிடிக்கிறது. பார்ப்பது மூளை. இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்கும்போது, சிறிது வித்தியாசமான இரண்டு படங்கள் மூளைக்குப் போகின்றன. மூளை இரண்டையும் ஒன்றாக இழைத்து, இது பக்கத்தில் இருக்கிறது, அது தள்ளி இருக்கிறது என்று ஆழம் கணித்துச் சொல்கிறது. ஊசியில் நூல் கோப்பதும், மாடிப்படியில் தடுக்காமல் இறங்குவதும், எறிந்த பந்தைப் பிடிப்பதும் இந்தக் கூட்டு வியாபாரத்தால் சுலபமாகின்றன.

ஒரு கண் ஒதுங்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு கண் வாசலைப் பார்க்கும்; இன்னொன்று ஜன்னலைப் பார்க்கும். பெரியவர்களுக்கு இப்படித் திடீரென்று நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து தலை சுற்றும். குழந்தையின் மூளை அப்படித் திண்டாடுவதில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் நாம் ஒருவர் பேச்சைக் காதில் வாங்காமல் விட்டுவிடுவதில்லையா? அதே தந்திரந்தான். ஒதுங்கிய கண் அனுப்பும் படத்தை மூளை தள்ளி வைத்துவிடுகிறது. தள்ளி வைப்பது வழக்கமாகிப் போனால், அந்தக் கண்ணைக் கொண்டு பார்க்க மூளை கற்றுக்கொள்வதே இல்லை.

இதற்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அநியாயமான பெயர்! கண் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கேட்பாரில்லை.

ஹூபெல், வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் அமெரிக்காவில் இதைப் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்தார்கள். பிறந்த சில நாளில் குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவிட்டு, சுமார் மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் பழுதில்லாமல் இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணின் பேச்சுக்குச் செவிசாய்க்க அநேகமாக ஓர் அணுவும் இல்லை. எல்லாம் மற்றக் கண்ணின் பக்கம் சேர்ந்துவிட்டன. வளர்ந்த பூனையிடம் இதையே செய்து பார்த்தபோது ஒரு கெடுதலும் நேரவில்லை. பார்வைக்கும் ஒரு பள்ளிப் பருவம் உண்டு என்பது இப்படித்தான் தெளிவாயிற்று. 1981-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றவர்களில் சேர்ந்தார்கள்.

மனிதக் குழந்தைக்கு அந்தப் பள்ளிப் பருவம் பிறந்ததிலிருந்து சுமார் ஏழெட்டு வயது வரை. அதிலும் முதல் சில வருஷங்கள் மிக முக்கியம்.

கண் நேராக இருந்தும் பார்வை குறையுமா?

குறையும். மாறுகண்ணைவிட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மாறுகண் இருந்தால் பாட்டியாவது கவனிப்பாள்! ஒரு கண்ணில் மட்டும் தூரப் பார்வைக் குறையோ கிட்டப் பார்வைக் குறையோ அதிகமாக இருந்தால், மங்கலான அந்தப் படத்தையும் மூளை ஒதுக்கிவிடுகிறது. வெளியே பார்க்க இரண்டு கண்ணும் அழகாக, நேராக இருக்கும். குழந்தை ஓடும், விளையாடும், படிக்கும். "எனக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை" என்று ஒரு நாளும் சொல்லாது. பிறந்தது முதல் அப்படியே இருந்தால், எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்றுதானே அது நினைக்கும்? நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குச் சோம்பேறிக் கண் இருப்பதாகக் கணக்கு.

இந்தக் குழந்தைகள் பதினெட்டு வயதில் போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ மனுப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும்போதுதான் திகைத்து நிற்கிறார்கள். இன்னொரு பயமும் உண்டு. அவர்களுக்கு உண்மையில் இருப்பது ஒரே கண். தீபாவளிப் பட்டாசோ கிட்டிப்புள்ளோ அந்த நல்ல கண்ணில் பட்டுவிட்டால் சமாளிக்க இரண்டாவது கண் கிடையாது.

ஆகையால் உங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தால் இன்று மாலையே ஒரு விளையாட்டு விளையாடுங்கள். சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறதல்லவா? குழந்தையைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்துங்கள். விரலால் பொத்தினால் சந்து வழியே பார்த்துவிடும். கண்ணை அமுக்கவும் கூடாது. தேதி என்ன என்று கேளுங்கள். எண் தெரியாத குழந்தையானால், மேலே இருக்கும் சாமி படத்தில் கையில் என்ன இருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு அதே கேள்வி. ஒரு கண்ணால் ராகு காலம் வரை படிக்கிற பிள்ளை, இன்னொரு கண்ணால் தேதியையே தடவினால் சந்தேகப்படுங்கள். கைக்குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் ஒரு கண்ணைப் பொத்தினால் சும்மா இருந்து, மற்றதைப் பொத்தும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டு அழுதால், அதுவே பதில்.

இந்த விளையாட்டில் தேறிவிட்டால் டாக்டர் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வீட்டுச் சோதனைதான். எல்லாக் குழந்தைக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பு, மூன்று நாலு வயதுக்குள், ஒரு முறை கண் பரிசோதனை நடந்துவிட வேண்டும். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ மாறுகண் இருந்தாலும், குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் இன்னும் முன்னதாகவே காட்ட வேண்டும்.

எப்போது பதற வேண்டும்?

பிறந்த குழந்தையின் கண்கள் முதல் மூன்று மாதம் அவ்வப்போது இங்கும் அங்கும் அலையும். இரண்டு கண்ணையும் ஒன்றாக ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறது, பதற வேண்டியதில்லை. நாலு மாதம் ஆன பிறகும் கண் ஒதுங்கினால், அல்லது அதற்கு முன்பே எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கியே நின்றால் காட்டிவிட வேண்டும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது நஷ்டம்.

சில குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு சப்பையாக இருப்பதால், கண் உள்பக்கம் ஒதுங்கியது போன்ற தோற்றம் மட்டும் இருக்கும். நேரே எடுத்த புகைப்படத்தில் இரண்டு கருவிழிகளிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அநேகமாகத் தோற்றந்தான். இருந்தாலும் அந்தத் தீர்ப்பை டாக்டர் சொல்லட்டும்.

தலைமாட்டில் நின்று குழந்தையைக் கூப்பிட்டதாலும், தொட்டிலில் கிலுகிலுப்பை கட்டியதாலும் மாறுகண் வந்தது என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. பாவம், அவள்மேல் பழியில்லை. அதனாலெல்லாம் மாறுகண் வராது. தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ கண்ணில் விட்டால் போகவும் போகாது. கண்ணில் சீழ் பிடித்தால்தான் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பளபளத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். செல்போனில் வெளிச்சம் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுவதைக் கண்டுதான் பல பெற்றோர் இதை முதலில் அறிகிறார்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். கண்ணின் உள்ளே வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்னதில் பார்வையும் பின்னதில் உயிரும், எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதைப் பொறுத்தவை. அதேபோல், நன்றாக இருந்த பெரிய பிள்ளைக்குத் திடீரென்று மாறுகண் வந்து, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்ணாடியும் ஒட்டும்

டாக்டர் முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, எவ்வளவு நம்பர் கண்ணாடி தேவை என்று அளப்பார். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி எப்படிக் கொடுப்பார்கள் என்று வியக்காதீர்கள். கண்ணுக்குள் வெளிச்சக் கீற்றை ஆட்டி, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்தே நம்பரைச் சொல்லிவிடுவார்கள். குழந்தை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

இரண்டு மூன்று வயதில் உள்பக்கமாக ஒதுங்கும் கண்ணுக்குப் பல சமயம் கண்ணாடியே மருந்து. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது நம் கண்கள் இயல்பாக உட்பக்கம் கூடுகின்றன. தூரப் பார்வைக் கோளாறு அதிகமுள்ள குழந்தை எதைப் பார்த்தாலும் அதே பிரயாசையை எடுத்துக்கொள்வதால், கண் உள்ளே இழுக்கப்படுகிறது. சரியான கண்ணாடி பிரயாசையைக் குறைக்கிறது, கண் நேராகிறது. கழற்றினால் மறுபடி ஒதுங்கும். அதைக் கண்டு "கண்ணாடி போட்டுத்தான் கெட்டது" என்று எடுத்து வைத்துவிடாதீர்கள்.

"பெண் குழந்தையாயிற்றே! இப்போதே கண்ணாடி மாட்டினால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. மூன்று வயதுப் பெண்ணின் பார்வையை, இருபது வருஷம் கழித்து வரப்போகிற ஒரு மாப்பிள்ளைக்குப் பயந்து விட்டுக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கண்ணாடி போட்டும் பார்வை போதிய அளவு தேறாவிட்டால், நல்ல கண்ணை மூடி வைப்பார்கள். செல்லப்பிள்ளையைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டு, ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் வேலை வாங்குகிற மாதிரி. பழைய வைத்தியந்தான், 1743-லேயே பிரெஞ்சு நாட்டு பஃபோன் இதை எழுதியிருக்கிறார்.

சொல்ல எளிது. செய்து பார்த்த தாய்மார்களைக் கேளுங்கள்! நன்றாகத் தெரிகிற கண்ணை மூடி, மங்கலான கண்ணோடு நட என்றால் எந்தக் குழந்தை சம்மதிக்கும்? முதல் நாள் பிய்த்து எறியும். இரண்டாம் நாள் அழுது வீட்டை இரண்டாக்கும். மூன்றாம் நாள் தாத்தா இரக்கப்பட்டு, "போகட்டும், இன்றைக்கு வேண்டாம்" என்பார். வைத்தியம் தோற்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அல்ல, தாத்தாவின் மடியில்தான்.

முன்னெல்லாம் நாள் முழுக்க மூடி வைக்கச் சொல்வார்கள். 2003-ல் அமெரிக்காவில் பல கண் டாக்டர்கள் சேர்ந்து ஆராய்ந்ததில், மிதமான குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடியதும் ஆறு மணி நேரம் மூடியதும் நாலு மாதத்தில் ஒரே அளவு பலன் தந்தன. அதிகக் குறைக்கு ஆறு மணி நேரம் என்பது பொது வழக்கம். எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு நீங்களாக மூடத் தொடங்கினால், அளவு மிஞ்சி நல்ல கண்ணும் மங்க இடமுண்டு.

ஒட்டை முகத்துத் தோலின் மேல் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடிச் சில்லின் மேல் துணி ஒட்டினால் கெட்டிக்காரப் பிள்ளை மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடும். தூங்கும் நேரத்தில் ஒட்டிவிட்டுக் கணக்குக் காட்டுவதிலும் பயன் இல்லை. ஒட்டும் நேரத்தைக் குழந்தைக்குப் பிடித்த நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்: கதை கேட்கும் நேரம், பல்லாங்குழி ஆடும் நேரம், அம்மாவுடன் புள்ளி வைத்துக் கோலம் போடும் நேரம். பொம்மைக்கும் ஒரு ஒட்டுப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஒட்டின் மேல் குழந்தையே பூவோ புலியோ வரையட்டும். பள்ளிக்கு ஒட்டோடு போகிற பிள்ளையானால் வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 'கொள்ளைக்காரன்' என்று யாராவது பட்டம் கட்டினால், அதை முளையிலேயே நிறுத்த அவரால்தான் முடியும்.

தோல் புண்ணாகி ஒட்டே ஆகாது என்கிற குழந்தைகளுக்கு, நல்ல கண்ணில் மருந்து விட்டுச் சில நாள் அதை மங்கச் செய்யும் முறையும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

வயது கடந்துவிட்டதே!

ஏழு வயது தாண்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற தாயார் பெருமூச்சு விட வேண்டாம். 2005-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு ஒட்டும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேருக்குப் பார்வை ஓரளவு தேறியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால் பங்குக்குத்தான் தேறியது. முன்பு வைத்தியமே செய்துகொள்ளாத பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில்கூடச் சிலருக்குப் பலன் தெரிந்தது. முழுப் பார்வை வந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் முயன்று பாராமல் கையை விரிக்க வேண்டியதில்லை.

கண்ணை நேராக்கும் ஆபரேஷனுக்கு வயது வரம்பே இல்லை. "கண்ணை வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்களாமே!" என்று நடுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுத்தக் கட்டுக்கதை. ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. வேண்டிய தசையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித் தைப்பார்கள், அல்லது சுருக்கித் தைப்பார்கள். கண் தன் குழியிலேயே இருக்கும். சில வாரம் சிவந்திருக்கும்; சிலருக்கு மறுபடி ஒரு முறை செய்ய நேரலாம். ஆனால் ஆபரேஷன் கண்ணை நேராக்குமே தவிர, மங்கிய பார்வையைக் கொண்டு வராது. அதற்குக் கண்ணாடியும் ஒட்டுந்தான்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோ எடுக்கும்போது தலையைக் குனிந்துகொள்வதும், பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பதும் எதனால் என்று வீட்டிலுள்ளவர்களுக்குப் புரிந்திருக்காது. நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "அழகுக்காகவா ஆபரேஷன்?" என்று அப்பா கேட்டால், பிறர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவது வெறும் அழகு விஷயமல்ல என்று பதில் சொல்லலாம்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் 1819-ல் தொடங்கிய அரசினர் கண் ஆஸ்பத்திரி எழும்பூரில் இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு இன்று பல ஊர்களில் கிளைகள் உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கும் மருத்துவக் குழுத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அவர்கள் வரும் நாளில் குழந்தையைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.

பார்வை தேறியதும் ஒட்டைக் கடாசிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் அநேகம். நாலில் ஒரு குழந்தைக்கு ஒரு வருஷத்துக்குள் பார்வை மறுபடி சறுக்குகிறது. ஆகையால் தவணை தவறாமல் போய்க் காட்டுங்கள். போகும்போது பழைய சீட்டு, பழைய கண்ணாடி இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்து விட்ட அன்று குழந்தைக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், வெயிலில் கண் கூசும். ஒரு தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாடம் எழுதவில்லையே என்று அன்று மாலை மட்டும் கோபிக்காதீர்கள்.